மனநோய் வைத்தியர் லாம்போவின் ஜீவிய சரித்திரம்

மக்களுக்கு வரும் பிணிகள் பல. உடற்பிணி வந்துற்றபோது உற்றாரும் அயலாரும் வந்து விசாரிப்பர். கஞ்சி கொணர்ந்து கொடுப்பர். வைத்தியரிடம் அழைத்துச் செல்வர். சித்தம் பேதித்தவன் வீட்டிற்கோ ஒருவரும் வாரார். அவ்வீட்டாரும் வெளியிற் சொல்லார். பெண்ணுக்கு வரன் வாராதென்றும், குடும்பத்துக்கு இழுக்கென்றும் அஞ்சி, நோயாளியைப் பின்கட்டில் இருத்திக் கதவை அடைத்து விடுகின்றனர். இவ்வாறு அஞ்சியும் மறைத்தும் வாழும் குடும்பங்கள் நம் சமூகத்திலும் இல்லையென்று சொல்ல இயலாது. ஆதலின், இந்நோயாளரைச் சுற்றத்தாரோடு சேர்த்து வைத்தே குணப்படுத்தல் கூடுமெனச் செய்கையாற் காட்டி, பின்னர் ஒரு பெரிய சர்வகலாசாலையின் தலைமையையும் எய்திய ஒரு மேதாவியின் சரித்திரத்தை இம்மாதம் நம் அன்பர்கட்குக் கூற முற்பட்டோம். அவர் ஆப்பிரிக்காக் கண்டத்து நைஜீரியா தேசத்தவராகிய டாக்டர் தாமஸ் அதெயோயே லாம்போ ஆவார்.

பிறப்பும் கல்வியும்

நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியில் யொருபா என்னும் பெருங்குலத்தார் வாழ்கின்றனர். அவர்கட்குரிய பட்டணங்களுள் ஒன்று அபெயோகுட்டா. போருக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் 1830-ஆம் ஆண்டையொட்டி ஓலுமோ என்னும் பெரும்பாறையை அண்டிக் குடியேறி அமைத்த ஊர் அது. பாறையின் கீழ் என்பதே அப்பெயரின் பொருள். அவ்வூரில் 1923-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ஆம் நாள் லாம்போ பிறந்தார். அத்தேசம் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. உள்ளூரிலுள்ள பாப்டிஸ்ட் ஆண்கள் உயர்தரப் பாடசாலையிற் பயின்ற பின்னர், அவர் இங்கிலாந்து சென்று பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் வைத்திய சாஸ்திரம் கற்று 1948-ல் பட்டம் பெற்றார்.

தாய்நாடு திரும்பிச் சிறிது காலம் அரசாங்க வைத்தியராக ஊழியம் செய்தார். ஆயினும் அவர் உள்ளம் மனநோய் வைத்தியத்திலேயே சென்றது. ஆகவே மீண்டும் கடல் கடந்து லண்டன் மாநகரத்து மனநோய்க் கல்விக் கழகத்திற் சேர்ந்து அக்கலையை முறையாகக் கற்றுத் தேர்ந்தார். மேல்நாட்டு முறையில் மனநோய் வைத்தியம் பயின்ற முதல் நைஜீரியர் இவரே என்பர்.

அக்காலத்து நிலைமை

லாம்போ தொழில் தொடங்கிய காலத்தில் அந்நாட்டு மனநோயாளரின் கதி மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. லாகோஸ் நகரையடுத்த யாபாவிலும், கிழக்கே காலபாரிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைத்தியக்கார விடுதிகள் கட்டப்பட்டிருந்தன. அவை வைத்தியசாலைகள் என்று பெயர் சொல்லத்தக்கன அல்ல. பிறருக்கு இடையூறு நேராதபடி நோயாளரை அடைத்து வைப்பதே அவற்றின் வேலை. உள்ளே சென்றவர் வெளிவருதல் அரிது. வெளிவந்தாலும் அவரை ஏற்பார் அரியர்.

இக்கொடுமைக்குத் துணையாக ஒரு கல்விக் கொடுமையும் இருந்தது. கென்யாவில் மனநோய் வைத்தியராயிருந்த கரோதர்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1953-ல் ஆப்பிரிக்கரின் மனத்தைக் குறித்து ஒரு நூல் எழுதினார். ஆப்பிரிக்கர் மூளையின் முற்பகுதியைச் செவ்வனே பயன்படுத்துவதில்லை என்றும், மூளையிற் சத்திர சிகிச்சை செய்யப்பட்ட ஐரோப்பியரை அவர்கள் ஒப்பர் என்றும், மனச்சோர்வு நோய் அவர்களிடம் அரிது என்றும் அதில் அவர் வரைந்தார். அதனை வெளியிட்டது உலக சுகாதார ஸ்தாபனம். லாம்போ இக்கூற்றைக் கண்டு சினந்து வாளாவிருந்தாரல்லர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே வைத்தியப் பத்திரிகைகளில் தாம் நேரிற் கண்ட நோயாளரின் விவரங்களை வெளியிட்டு, நோயின் வேர் நிறத்திலும் மூளையின் அமைப்பிலும் இல்லை, மனிதன் வளர்ந்த வாழ்க்கை முறையிலும் அவன் நம்பிக்கைகளிலும் அதனைத் தேடவேண்டும் என்று வாதித்தார்.

இங்கிலாந்திற் படிக்கச் சென்று மனங்கலங்கிய நைஜீரிய மாணவர்களைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். மேல்நாட்டுக் கல்வி கற்றவர்க்குப் பழைய நம்பிக்கைகள் அற்றுவிடும் என்று பலர் எண்ணியிருந்தனர். நோயுற்றபோது அம்மாணவர்களும் தம் ஊர்ச் சூனியத்தையும் சாபத்தையும் பற்றிய அச்சத்தையே வெளியிட்டனர். சட்டை மாறினும் உள்ளே இருக்கும் மனம் ஊரைவிட்டு அகல்வதில்லை என்பதை லாம்போ இதனால் உணர்ந்தார். நோயாளியை ஊரோடு சேர்த்தே நோக்கவேண்டும் என்னும் கொள்கை அவரிடம் உறுதிப்பட்டது.

ஆரோ கிராமங்கள்

அபெயோகுட்டாவையடுத்த ஆரோ என்னுமிடத்தில் அரசாங்கத்தார் ஒரு புதிய மனநோய் வைத்தியசாலை கட்டத் தொடங்கினர். அதற்குத் தலைமை வைத்தியராக 1954-ல் லாம்போ நியமிக்கப்பட்டார். அவர் வந்தபோது கட்டடம் முற்றுப்பெறவில்லை. வேறொருவராயின் சுவர் எழும்பும் வரையிற் காத்திருப்பர். லாம்போ அவ்வாறு காத்திராமல், சுற்றிலுமிருந்த நான்கு கிராமங்களின் பெரியோரிடம் சென்றார். நோயாளருக்கு அவர்கள் வீடுகளில் வாடகைக்கு இடம் தரும்படி கேட்டார். பைத்தியம் என்றாலே வழி விலகிப் போகும் மக்களிடம் இவ்வாறு கேட்டல் எளிய காரியமா? ஆயினும் அவரும் அம்மண்ணின் மைந்தர். அவர்கள் மொழியும் வழக்கமும் அறிந்தவர். பொறுமையோடு பேசி அவர்களை இசைவித்தார்.

ஆனால் ஒரு நிபந்தனையை அவர் ஏற்படுத்தினார். நோயாளியோடு உறவினர் ஒருவரேனும் உடன் வந்து தங்கவேண்டும். தாயோ, உடன்பிறந்தாரோ, அத்தையோ யாராயினும் ஆகலாம். அவ்வுறவினரே சமைத்துக் கொடுத்து, துணி துவைத்து, காலையில் நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, பிற்பகலில் வீட்டுக்கு மீட்டு வருவர். வைத்தியசாலையில் அக்காலத்து மருந்துகளும் மின்சார அதிர்ச்சி சிகிச்சையும் தரப்பட்டன. மாலையில் நோயாளி சாதாரண ஊரில், சாதாரண வீட்டில், கோழி கூவும் முற்றத்தில், குழந்தைகளின் நடுவே இருந்தான். கிராமத்தாரின் கூத்திலும் ஆடலிலும் வழிபாட்டிலும் அவனுக்கும் பங்கு இருந்தது.

கிராமத்தார்க்கும் இதனால் நன்மை விளைந்தது. வாடகைப் பணம் கிடைத்தது. வீடுகளைப் பெருக்கிக் கட்ட வைத்தியசாலை கடன் கொடுத்துதவியது. குழாய்த் தண்ணீர் வந்தது. கொசுவை ஒழிக்கும் வேலை நடந்தது. நோயாளியை ஏற்றமையால் ஊர் கெட்டதென்னும் பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

இம்முறையின் நுட்பத்தைச் சற்று நின்று சிந்திப்போம். அடைக்கப்பட்ட விடுதியில் நோயாளி குணமடைந்தாலும், அவனுடைய வீட்டார் அவனை நோயாளியாகவே நினைத்திருப்பர்; அவன் எவ்வாறு குணமடைந்தான் என்பதை அவர்கள் காணவில்லை அன்றோ? ஆரோவிலோ தாய் தன் மகன் நாளுக்கு நாள் தேறி வருவதைக் கண்ணாரக் கண்டாள். எந்த மருந்தை எப்போது கொடுக்கவேண்டும், எச்சொல் அவனைக் கலக்கும், எது அவனை ஆற்றும் என்பவற்றை அவளே கற்றாள். ஊர் திரும்பும்போது குணமடைந்த மகனோடு, அவனைக் காக்கும் அறிவையும் உடன்கொண்டு சென்றாள். நோயாளியும் உறவின் கயிறு அறுபடாமல் இருந்தமையால் திரும்பிச் செல்ல ஓரிடம் உடையவனானான்.

நாட்டு வைத்தியர்களையும் லாம்போ அழைத்துக் கொண்டார். இதனைப் பலர் குறை கூறினர். லண்டனிற் படித்தவர் மந்திரவாதிகளோடு கூடலாமா என்றனர். யொருபா மக்கள் நோயின் காரணத்தைப் பற்றி எவ்வாறு நினைக்கின்றனர், எந்தச் சடங்கு அவர்கள் அச்சத்தைத் தணிக்கும் என்பவற்றை அவ்வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். கிராமங்களில் நடைபெற்ற சமூக நிகழ்ச்சிகளை மேற்பார்க்கவும், நோயாளரின் மனத்தை அறியவும் லாம்போ அவர்களைத் துணையாகக் கொண்டார். மருந்தையும் மின்சார சிகிச்சையையும் வைத்தியசாலையின் பொறுப்பிலேயே வைத்திருந்தார். முன்னோர் வழக்கம் அனைத்தும் நன்றென்று போற்றுவாரும், அனைத்தும் தீதென்று தள்ளுவாரும் எளிதில் கிடைப்பர். பிரித்தறிந்து கொள்ளத்தக்கதைக் கொண்ட லாம்போ போன்றார் சிலரே.

ஆராய்ச்சிப் பணி

நைஜீரியா 1960-ல் சுதந்தரம் பெற்றது. மறு ஆண்டு, ஆப்பிரிக்கா முழுமைக்குமான முதல் மனநோய் வைத்தியர் மகாநாடு அபெயோகுட்டாவிலேயே கூடியது. அதனை முன்னின்று கூட்டியவர் லாம்போ. அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் லெய்ட்டன் முதலிய அறிஞர்களோடு கூடி யொருபா கிராமங்களில் அவர் ஓர் ஆராய்ச்சியும் நடத்தினார். கனடாவில் லெய்ட்டன் முன்னரே செய்திருந்த ஆராய்ச்சியோடு அதனை ஒப்பிட்டு 1963-ல் நூலாக வெளியிட்டனர். மனச்சோர்வின் அறிகுறிகள் யொருபா மக்களிடம் குறைவல்ல என்பது அதனாற் புலப்பட்டது. அந்நோய்க்கு அவர்கள் தனிப்பெயர் இடவில்லை. ஆனால் அத்துன்பம் அவர்களிடம் இருந்தது. கரோதர்ஸ் அரிதென்று எழுதியது, தேடுவார் தேடும் முறையில் தேடாமையால் வந்த பிழையே என்று அறிஞர் உணர்ந்தனர்.

சர்வகலாசாலைத் தலைமை

1963-ல் லாம்போ இபாதான் சர்வகலாசாலையில் மனநோய் வைத்தியப் பேராசிரியரானார். அச்சர்வகலாசாலை 1948-ல் லண்டன் சர்வகலாசாலையைச் சார்ந்த கல்லூரியாகத் தோன்றி 1962-ல் தனித்து நின்றது. 1966-ல் அவர் வைத்தியப் பகுதியின் தலைவராகவும், 1968-ல் துணைவேந்தராகவும் உயர்ந்தார்.

அது நெருக்கடியான காலம். 1967-ல் மூண்ட உள்நாட்டுப் போர் 1970 ஜனவரி வரையில் நீடித்தது. கிழக்குப் பிரதேசத்து ஆசிரியர்கள் பலர் போருக்கு முன்பே இபாதானை விட்டு நீங்கியிருந்தனர். குறைந்த ஆட்களோடும் நிறைந்த கவலையோடும் கழகத்தை நடத்தும் பாரம் லாம்போவின் தோளில் விழுந்தது. போர் முடிந்த பின்னும் அமைதி வரவில்லை. 1971 பிப்ரவரியில், விடுதி உணவைப் பற்றிய மாணவர் கிளர்ச்சி முற்றிப் போலீசார் உள்ளே வந்து துப்பாக்கி பிரயோகம் செய்தனர். குன்லே அதெபெஜு என்னும் மாணவர் இறந்தார். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது.

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இத்தகைய நிகழ்ச்சிகளை விட்டுவிடுதல் வழக்கம். நாம் அவ்வாறு விடோம். கலங்கிய மனத்தை ஆற்றும் கலையில் வல்லவர் ஒருவர் தலைவராயிருந்தபோதே ஓர் இளைஞனின் உயிர் போயிற்று. ஆரோவில் ஒரு நோயாளிக்கு ஓர் உறவினர் இருந்தார். ஆயிரக்கணக்கான மாணவர் உள்ள இடத்தில் அத்தகைய நெருக்கத்தை எந்தத் தலைவரால் தர இயலும்? பதவி உயர உயர மனிதரைத் தனித்தனியே காணும் கண் மறைதல் இயல்பு. இதனைத் தலைமைப் பொறுப்பில் உள்ளோர் அனைவரும் நினைவிற் கொள்ளவேண்டும்.

உலகப் பணி

அவ்வாண்டிலேயே லாம்போ ஜெனீவா சென்று உலக சுகாதார ஸ்தாபனத்தில் உதவித் தலைமை இயக்குநரானார். 1973 முதல் 1988 வரையில் துணைத் தலைமை இயக்குநராக விளங்கினார். ஆப்பிரிக்கரின் மூளையை இழித்துரைத்த நூலை வெளியிட்ட அதே ஸ்தாபனத்தில், தலைவருக்கு அடுத்த ஆசனத்தில் ஓர் ஆப்பிரிக்க மனநோய் வைத்தியர் பதினைந்து ஆண்டு வீற்றிருந்தார். இதனினும் சிறந்த மறுப்புரை வேறு வேண்டுவதில்லை.

அந்த ஸ்தாபனத்தார் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளரை வைத்துச் சித்தச் சிதைவு நோயைப் பற்றி ஒரு பேராராய்ச்சி நடத்தினர். அதில் இபாதானும் ஓரிடம். நம் பாரத தேசத்து ஆக்ராவும் ஓரிடம். ஈராண்டு கழித்துப் பார்த்தபோது, செல்வம் மிகுந்த நாட்டு நோயாளரைவிட இபாதானிலும் ஆக்ராவிலும் உள்ள நோயாளர் நன்னிலையில் இருந்தனர். 1979-ல் வெளிவந்த இம்முடிவுக்குக் காரணம் யாது என்பதில் அறிஞர் இன்றளவும் கருத்து வேறுபடுகின்றனர். குடும்பத்தின் துணை ஒரு காரணமாகலாம் என்பது பலர் துணிபு. ஆரோவில் லாம்போ செய்ததற்கு இஃதொரு சாட்சி போல் அமைந்தது.

அந்திமமும் நாம் கொள்ளத்தக்கதும்

ஓய்வு பெற்றபின் லாம்போ தாய்நாடு திரும்பினார். 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள், தமது 80-ஆம் வயதில் காலமானார். ஆரோ வைத்தியசாலை இன்றும் உளது. கிராம முறையோ பின்னாளில் தேய்ந்துபோயிற்று. பட்டணம் பெருகிற்று, வேலையை விட்டு வந்து மாதக்கணக்கில் நோயாளியோடு தங்கும் உறவினரும் அருகினர். ஒரு நல்ல ஏற்பாடு அதனை ஆக்கியவரோடு மறைவது உண்டு. ஆயினும் அதன் கருத்து மறையவில்லை. நோயாளியை ஊரின் நடுவே வைத்துக் காக்கவேண்டும் என்று இன்று உலகெங்கும் வைத்தியர் பேசுகின்றனர்.

அன்பர்களே! பணமும் கட்டடமும் இல்லாதபோதே லாம்போ தம் பெருஞ்செயலைத் தொடங்கினார். அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு தாயின் பொறுமையும் ஓர் அயல்வீட்டாரின் இசைவுமே. அவ்விரண்டும் நம்மிடம் உள்ளன. சித்தங் கலங்கியவர் நம் இல்லத்தில் இருப்பின், அதனை மறையாது தக்க வைத்தியரிடம் காலத்தே கொண்டு செல்வோம். கூடவே இருந்து கவனிப்போம். அயலில் அத்தகையோர் இருப்பின், அவ்வீட்டிற்கும் நம் கால் செல்லட்டும். அவ்வீட்டுப் பெண்ணைக் கொள்ளவும், அவ்வீட்டிற்குப் பெண் கொடுக்கவும் தயங்குவோர், அந்நோயும் மற்ற நோய்களைப் போல் மருந்துக்கும் அன்புக்கும் இணங்குவதென்பதை அறியக்கடவர். நம் சங்கக் கூட்டங்களிலும் மாதர் சபைகளிலும் இதனைப் பேசி, அஞ்சி வாழும் குடும்பங்கட்குத் தைரியம் ஊட்டுவோமாக. டாக்டர் லாம்போவின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை இதுவே.