பத்திரச் சங்கிலியை அறுத்த டாரன்ஸ்

நிலம் வாங்க முற்படும் எவருக்கும் நம் நாட்டில் முதலில் கூறப்படும் அறிவுரை, மூலப்பத்திரத்தைப் பார்த்துவிடுங்கள் என்பதுதான். இன்றைய உரிமையாளருக்கு விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று பின்னோக்கிச் சென்று, பல ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெற்று, வழக்கறிஞரின் கருத்தையும் கேட்ட பின்னரே முன்பணம் கைமாறுகிறது. இத்தனைக்குப் பிறகும் அச்சம் தீர்வதில்லை. பத்திரச் சங்கிலியில் ஒரேயொரு கண்ணி போலியாக இருந்தாலும் அதற்குப் பின்வந்த அத்தனை கிரயங்களும் ஆட்டம் கண்டுவிடும்.

இந்தச் சங்கிலியையே அறுத்துவிடலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒருவர் துணிந்தார். அவர் சர் ராபர்ட் ரிச்சர்ட் டாரன்ஸ். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், கனடாவின் பல மாகாணங்கள் ஆகியவற்றில் இன்றும் நில உரிமை அவர் பெயரால் வழங்கும் முறையில்தான் பதிவு செய்யப்படுகிறது. அவர் சட்டம் படித்தவர் அல்லர் என்பது வியப்புக்குரியது.

அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்த டாரன்ஸின் தந்தையும் ராபர்ட் டாரன்ஸ் என்ற பெயரினரே. கடற்படைப் பிரிவில் கர்னலாக இருந்த அவர், பொருளியலறிஞரும் ஆவார். பொருளியல் மாணவர்கள் ரிகார்டோவின் பெயரோடு சேர்த்துப் படிக்கும் ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டின் கருவை 1815-ஆம் ஆண்டிலேயே எழுதியவர். தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்தைத் திட்டமிட்ட ஆணையத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அடிலெய்ட் நகரின் ஊடே ஓடும் டாரன்ஸ் ஆறு அவர் பெயரைத் தாங்கியது, மகனின் பெயரையன்று.

டப்ளின் டிரினிடி கல்லூரியில் பட்டம் பெற்ற மகன், லண்டன் துறைமுகத்தின் சுங்கத் துறையில் சாதாரணப் பணியில் சேர்ந்தார். 1840-ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியுடன் அடிலெய்டுக்குக் கப்பலேறி வந்து, மறு ஆண்டில் அங்கே சுங்கத் தலைவரானார். அந்தப் பணியில் அவர் கண்ட ஒன்று பின்னாளில் பெரும்பயன் விளைத்தது. ஒரு கப்பலின் உரிமை யாருக்கு எவ்வளவு, அதன்மீது அடமானம் உண்டா என்பதெல்லாம் ஒரே பதிவேட்டில் இருந்தன. பங்கை விற்றால் பதிவேட்டில் ஒரு வரி மாறும். பழைய காகிதங்களைக் கிளற வேண்டியதில்லை. கடலில் மிதக்கும் கப்பலுக்கு இது இயலுமென்றால், இடம்பெயராத நிலத்துக்கு ஏன் இயலாது என்பதே அவருள் எழுந்த கேள்வி.

அக்கேள்வியை அவசரமாக்கியது அன்றைய அடிலெய்ட். 1836-இல்தான் அந்தக் குடியேற்றம் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் மனைகள் பலமுறை கைமாறி, பத்திரங்கள் தொலைந்து, உரிமையாளர்களில் பலர் கடல்கடந்து வாழும் நிலை ஏற்பட்டிருந்தது. இங்கிலாந்தின் சட்டப்படி ஒவ்வொரு விற்பனையின்போதும் முழு வரலாற்றையும் புதிதாக ஆராய வேண்டும். முந்தைய ஆய்வு அடுத்தவருக்குப் பயன்படாது. மனையின் விலைக்கு ஈடாகச் சட்டச் செலவு வளர்ந்தால், அந்த நிலத்தை விற்பதும் அதன்மீது கடன் பெறுவதும் அரிதாகிவிடும். சிறு விவசாயிக்கு நிலம் இருக்கும்; முதல் இராது.

1857-இல் டாரன்ஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் முதல்வராகவும் ஆனார். அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஆயினும் அவர் கொண்டுவந்த நில உரிமைச் சட்டம் 1858 ஜனவரியில் நிறைவேறி, ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர் பதவியைத் துறந்து, அச்சட்டத்தைச் செயல்படுத்தும் தலைமைப் பதிவாளர் பொறுப்பை அவரே ஏற்றார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய சட்ட அறிஞர் உல்ரிச் ஹூப்பேயின் பங்கு இச்சட்டத்தில் எவ்வளவு என்பது வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் விவாதப் பொருளாக உள்ளது.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் இச்சட்டத்தை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் பூத்பி, இது இங்கிலாந்தின் சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, செல்லாததாக்க முனைந்தார். குடியேற்ற நாடுகளின் சட்டங்களுக்கு வலுச்சேர்க்க 1865-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. பூத்பி 1867-இல் பதவி நீக்கப்பட்டார்.

டாரன்ஸ் செய்த மாற்றம் எளியது. அதுவரை பத்திரம் உரிமையைத் தந்தது. பதிவு அதைக் குறித்து வைத்தது. இனி பதிவே உரிமையைத் தரும். பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர். அவரிடம் நேர்மையாக வாங்குபவர் அதற்கு முந்தைய வரலாற்றைத் தேட வேண்டியதில்லை. அடமானத்தின் இயல்பையும் இச்சட்டம் மாற்றியது. பழைய முறையில் கடன் கொடுத்தவரின் பெயருக்கே நிலம் எழுதி வைக்கப்படும். புதிய முறையில் நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். கடன் அதன்மீது பதியப்பட்ட ஒரு சுமை மட்டுமே. இம்முறையால் குற்றமற்ற எவரேனும் நிலத்தை இழந்தால் ஈடு செய்வதற்கென, பதிவுக் கட்டணத்தோடு சிறு தொகை பெற்று ஒரு காப்பு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. இந்த நிதி ஓர் இணைப்பு அன்று; பதிவேட்டின் உறுதிக்கு அதுவே அறநெறி அடிப்படை.

குவீன்ஸ்லாந்து 1861-லும், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா ஆகியவை 1862-லும், நியூஸிலாந்து 1870-லும் இம்முறையை ஏற்றன. இங்கிலாந்துக்குத் திரும்பிய டாரன்ஸ், 1868 முதல் 1874 வரை கேம்பிரிட்ஜ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1872-இல் சர் பட்டம் வந்தது. 1884 ஆகஸ்ட் 31-இல் ஃபால்மத் நகரில் காலமானார்.

அவர் தீர்க்காமல் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று உண்டு. பதிவேட்டில் ஏறிய ஆவணமே போலியாக இருந்தால்? உரிமையாளரின் கையொப்பத்தை ஒருவன் போலியாக இட்டு நிலத்தை அடமானம் வைத்துப் பணத்துடன் மறைந்துவிட்டால், எஞ்சி நிற்பவர் இருவர்: ஒன்றும் அறியாத உரிமையாளர், ஒன்றும் அறியாமல் கடன் கொடுத்தவர். இழப்பை இவர்களில் யார் சுமப்பது?

டாரன்ஸ் மறைந்து ஏழு ஆண்டுகளில் இக்கேள்வி லண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. விக்டோரியாவில் ஒரு பெண்மணியின் நில ஆவணங்களைப் பொறுப்பில் வைத்திருந்த வழக்கறிஞர், இல்லாத ஓர் ஆளின் பெயருக்கு நிலத்தை மாற்றி, அந்தக் கற்பனை மனிதரின் பெயரால் அடமானமும் எழுதி 3,000 பவுண்டு பெற்றுத் தலைமறைவானார். கிப்ஸ் எதிர் மெஸ்ஸர் எனப்படும் அவ்வழக்கில் 1891-இல் வந்த தீர்ப்பு உரிமையாளர் பக்கம் நின்றது. கடன் கொடுத்தவர்கள் பதிவேட்டில் உள்ள மனிதரிடம் அல்ல, போலிக் கையொப்பக்காரரிடமே பேசியிருக்கிறார்கள்; எனவே அடமானம் நிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றானது.

ஆனால் அதே பிரிவி கவுன்சில் 1967-இல், நியூஸிலாந்திலிருந்து வந்த பிரேசர் எதிர் வாக்கர் வழக்கில் வேறு முடிவுக்கு வந்தது. கணவரும் மனைவியும் கூட்டு உரிமையாளர்கள். கணவரின் கையொப்பத்தை மனைவி போலியாக இட்டு, வீட்டை அடமானம் வைத்தார். இங்கும் கடன் 3,000 பவுண்டுதான். தவணை தவறியதும் கடன் கொடுத்தவர்கள் வீட்டை விற்றனர். நேர்மையாகப் பதிவு செய்த கணத்திலேயே அடமானம் உறுதி பெற்றுவிட்டது. கணவர் வீட்டைத் திரும்பப் பெற இயலாது என்பதே தீர்ப்பு. 1971-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் இக்கருத்தை ஏற்றது.

முதல் தீர்ப்பு உடைமையைக் காத்தது. இரண்டாவது தீர்ப்பு பரிவர்த்தனையைக் காத்தது. பொருளியல் நோக்கில் இதற்கு ஒரு விடை உண்டு. மோசடியைக் குறைந்த செலவில் தடுக்க வல்லவர் எவரோ, அவரே அதன் இழப்பைச் சுமக்க வேண்டும். தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் உரிமையாளருக்கு எங்கோ ஓர் அலுவலகத்தில் தம் பெயரில் கையொப்பம் இடப்படுவது தெரியாது. எதிரில் அமர்ந்திருப்பவர் உண்மையில் யார் என்பதைச் சோதிக்கும் வாய்ப்பு கடன் தருபவருக்கே உள்ளது. சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் அடமானம் செல்லும் என்றால், சோதிப்பதற்கு அவருக்கு என்ன ஊக்கம் இருக்கும்?

சட்டங்களும் மெல்ல இந்தத் திசையில் திரும்பியுள்ளன. கடன் பெறுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க நியாயமான முயற்சி எடுக்காத வங்கிக்கு அடமானப் பாதுகாப்பு இல்லை என்ற விதியைக் குவீன்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சேர்த்தன. கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் போலி அடமானத்துக்கு எதிராக உரிமையாளரைக் காத்தது. மலேசியாவில் சுமார் பத்தாண்டுகள் போலி ஆவணத்தின் வழி வாங்கியவருக்கே சாதகமாக இருந்த நிலையை, ஒரு போலி அடமான வழக்கிலேயே கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் மாற்றியது. இவற்றையெல்லாம் விட முந்தையது டாரன்ஸின் சொந்தக் களமான தெற்கு ஆஸ்திரேலியா. போலியாகப் பெறப்பட்ட ஆவணம் செல்லாது என்றும், அதன்பின் நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் பாதுகாப்பு என்றும் 1886-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது எழுதி வைத்தது.

நமக்கு இது அயல்நாட்டுக் கதை அன்று. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிகிறது. உரிமைக்கு அரசு உறுதி தருவதில்லை. போலி அடமானம் பதிவானாலும் அதற்கு உயிர் வருவதில்லை. ஆனால் அதை மெய்ப்பிக்க உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரங்களை ரத்து செய்ய வழிசெய்து தமிழ்நாட்டில் 2022-இல் சேர்க்கப்பட்ட 77-ஏ பிரிவை, சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்றது. உறுதியான நில உரிமைப் பதிவுக்காக ஆந்திரம் 2022-இல் இயற்றிய சட்டமோ, மக்களின் அச்சத்துக்கும் அரசியல் எதிர்ப்புக்கும் ஆளாகி 2024-இல் நீக்கப்பட்டது.

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பதிவேடே இறுதி என்று அறிவிப்பது எளிது. அதில் தவறான பெயர் ஏறினால் இழப்பை யார் ஈடு செய்வார்கள், எதிரில் நிற்பவரின் அடையாளத்தை யார் சோதிப்பார்கள் என்பதற்கு விடை தராத உறுதி, நேர்மையான உரிமையாளருக்கு எதிராகவே திரும்பும். டாரன்ஸ் விட்டுச்சென்றவை இரண்டு: ஒன்று பதிவேடு, மற்றொன்று காப்பு நிதி. முன்னதை மட்டும் இறக்குமதி செய்து பின்னதை விட்டுவிட்டால், பத்திரச் சங்கிலி அறுபடும், வில்லங்கம் அறுபடாது.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)