தலைமையைப் பங்கிட்ட கவிஞர்

தலைமை என்றவுடன் உயர்ந்த நாற்காலியும் அதன் முன் கைகட்டி நிற்கும் கூட்டமுமே நம் கண்முன் தோன்றும். பள்ளித் தலைமை என்றாலோ பிரம்பும் சேர்ந்து நினைவுக்கு வரும். அந்த நாற்காலியைப் பலருக்கும் பகிர்ந்தளித்து ஒரு பள்ளியை நடத்திக் காட்டிய பெருமகன் ஒருவர் உண்டு. அவரே கவியரசர் இரவீந்திரநாத் தாகூர். கவிஞராக அவரை உலகறியும். பள்ளி நடத்தியவராக அவரை அறிந்தோர் நம்முள் சிலரே.

1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் செல்வக் குடியிற் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறைக்கூடமாகவே இருந்தது. எந்தப் பள்ளியிலும் நிலைத்துப் படித்தாரில்லை. சிறையென வெறுத்தவரே பின்னாளில் பள்ளி ஒன்றைக் கண்டார். 1901 டிசம்பர் 22இல், வங்கத்தில் போல்பூரை அடுத்த சாந்திநிகேதனில், ஐந்து மாணவரோடு அது தொடங்கியது. அவருடைய மகனும் அவ்வைவருள் ஒருவன். மரநிழலே வகுப்பறை ஆயிற்று.

இனி அவர் செய்த புதுமையைக் கேளுங்கள். பள்ளி வளர்ந்தபின், நிலையான தலைமையாசிரியர் என்று ஒருவரை அங்கு அமர்த்தவில்லை. ஆசிரியர்களே தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் ஓராண்டுக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். மாணவரும் தம் தலைவரைத் தாமே தேர்ந்தனர். பிழை செய்த மாணவனை விசாரிக்க மாணவர் மன்றமே இருந்தது. பொறுப்பைக் கொடுத்தால்தான் பொறுப்புணர்ச்சி வளரும் என்பது அவருடைய துணிபு. நீந்தக் கற்பிப்பவன் நீரில் இறக்கித்தானே ஆகவேண்டும்!

1915ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்கு வந்தார். சமையலும் துப்புரவும் மாணவரும் ஆசிரியரும் தம் கையாலேயே செய்யலாகாதா என வினவினார். தாகூர் தடுக்கவில்லை, ஆசிரியர்கள் விரும்பினால் தமக்கும் உடன்பாடே என்றார். மார்ச் 10இல் அம்முயற்சி தொடங்கியது. அது நெடுநாள் நிற்கவில்லை. எனினும் அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூரும் வழக்கம் அங்கே நிலைத்தது. குறையும் ஒன்று உண்டு. தொடக்க நாட்களில் அப்பள்ளியின் உணவுப் பந்தியில் சாதி வேற்றுமை இருந்தது. அதிகாரத்தைப் பங்கிட்ட இடத்திலும் பந்தியைப் பங்கிடக் காலம் பிடித்தது. இதனை மறைப்பது நேர்மையாகாது.

குப்பத்திற் பயிலும் நமக்கு அவர் அயலாரும் அல்லர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு 1919இல் வந்து, அங்குள்ள கல்லூரியில் தங்கினார். இன்று நம் நாட்டுப்பண்ணாக விளங்கும் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தது அங்கேதான்.

வேதியியல் மாணவனாகிய எனக்கு இவர் வாழ்வைப் படிக்கும்போது வினையூக்கி நினைவுக்கு வரும். அது வினையை விரைவுபடுத்தும், தான் குறையாது. தாகூரோ பிறரை வளர்த்துத் தாம் குறைந்தார். பள்ளிக்காக மனைவியின் நகைகள் விலையாயின. அம்மனைவியார் 1902இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகளும் 1907இல் இளைய மகனும் மறைந்தனர். ஆயினும் பள்ளியின் கதவு மூடவில்லை. 1921இல் விசுவபாரதியைத் தொடங்கி, அதனைப் பொதுவுடைமையாக்கித் தம் வங்க நூல்களின் உரிமையையும் அதற்கே அளித்தார். எழுபத்தைந்தை நெருங்கிய வயதிலும், 1936இல், நாடகக் குழுவோடு ஊரூராகச் சென்று அதற்குப் பொருள் திரட்டினார். 1941 ஆகஸ்டு 7இல் அவர் மறைந்தார், நிறுவனம் மறையவில்லை. 1951இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

தோழர்களே! பிறந்த ஊரை விட்டு, தெலுங்கு வழங்கும் மண்ணில் வந்து பயிலும் என்போன்றோர்க்கு நம் தமிழ் மன்றமே இரண்டாவது வீடு. ஆண்டுதோறும் தலைவர் யார் என்று ஆராய்கிறோம். வேலைகளை யார் யார் பகிர்ந்து கொள்வது என்று ஆராய்கிறோமா? ஒருவரே கூட்டம் கூட்டி, ஒருவரே மலர் திரட்டி, ஒருவரே நாற்காலியும் அடுக்கினால், அவர் படிப்பு முடித்துச் செல்லும் நாளில் மன்றமும் அவரோடு போய்விடும். நாளை நம்முட் பலர் பள்ளி ஆசிரியர் ஆவோம். அங்கும் இதே வினா நமக்காகக் காத்திருக்கும். தான் இல்லாதபோதும் நடக்கும்படி ஒரு பணியை அமைப்பதே தலைமை என்பது என் கொள்கை. முதற் பயிற்சியை நம் மன்றத்திலேயே தொடங்குவோம். புதிதாக வந்த முதலாண்டு மாணவரிடம் இவ்வாண்டே ஒரு பொறுப்பை ஒப்படைப்போம்.