நாளை என்று தள்ளாதவர்

புனித அருளானந்தர் 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். சிறுவயதிலேயே கடும் நோயுற்றுச் சாவின் வாசல்வரை சென்று மீண்டார். 1673-ல் இந்தியா வந்து, தமிழகத்தில் பண்டாரசுவாமியாக ஊர் ஊராக நடந்து மறைப்பணி செய்தார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக்கூடாது என்ற தடையுடன் சேதுபதி அவரை விடுவித்தார். போர்த்துகல் சென்றவரை அங்கேயே தங்கும்படி மன்னர் கேட்டார். உயிருக்கு ஆபத்து என்று அறிந்தே 1690-ல் திரும்பி வந்தார். எஞ்சிய நாள்களில் ஓயாமல் மக்களைத் தேடிச் சென்று திருமுழுக்கு அளித்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். முந்தைய நாளும் சிறையிலிருந்து மடல் எழுதினார்.

நாள்கள் குறைவு என்று அறிந்தவர் எதையும் ஒத்திப்போடவில்லை. நாம் கேட்கவேண்டிய மன்னிப்பும், பார்க்கவேண்டிய நோயாளியும் இன்னும் காத்திருக்கலாமா? இன்றே செல்வோம்.