காப்புரிமையின் முதல் தேர்வாளர்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர், அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர் என்ற அளவிலேயே தாமஸ் ஜெஃபர்சனை நம் மாணவர்கள் அறிவர். சட்டம் பயின்ற இளமையில், 1765-இல், திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் விலைகொடுத்து வாங்கியதைப் பெரியோர் சிலர் அறிந்திருக்கலாம். கண்டுபிடிப்பாளர்களின் மனுக்களை ஆராய்ந்த அமெரிக்காவின் முதல் தேர்வாளர்களுள் தலையாயவர் அவரே என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

1743-இல் வர்ஜீனியாவில் பிறந்த அவர், 1790-இல் வாஷிங்டனின் வெளியுறவுச் செயலரானார். அவ்வாண்டு ஏப்ரல் 10-இல் முதற் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. வெளியுறவுச் செயலர், போர்த்துறைச் செயலர், தலைமை வழக்குரைஞர் ஆகிய மூவரும் ஆராய்ந்து 14 ஆண்டுகள் வரை தனியுரிமை வழங்கலாம்; அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு இல்லை. ஜூலை 31-இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பார் பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்காக முதலுரிமை பெற்றார்.

ஜெஃபர்சனின் ஆய்வு ஏட்டளவில் நின்றதன்று. கடல்நீரைக் குடிநீராக்கும் கலவையொன்றைக் கண்டதாகக் கூறி, ஜேக்கப் ஐசக்ஸ் என்பவர் காங்கிரசிடம் பரிசு வேண்டினார். மனு ஜெஃபர்சனிடம் வந்தது. 1791-இல் அறிஞர் சிலரை உடன்வைத்து, கலவை சேர்த்தும் சேர்க்காமலும் கடல்நீரைக் காய்ச்சி வடித்துப் பார்த்தார். வேறுபாடு ஏதுமில்லை, கலவையால் பயனில்லை என அறிக்கை தந்தார். அத்துடன் அமையாது, காய்ச்சி வடிக்கும் எளிய முறையைக் கப்பல்களுக்குரிய அனுமதிச் சீட்டுகளின் பின்புறம் அச்சிட்டு மாலுமிகளுக்கு அறிவிக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். தேர்வாளர் என்பார் இவ்வாறன்றோ இருத்தல் வேண்டும்!

நீராவிப் படகு வழக்கில் இத்தெளிவு காணப்படவில்லை. முந்தியவர் யார் என்று ஜான் ஃபிட்சும் ஜேம்ஸ் ரம்சேயும் வாதிட்டனர். குழு அதை முடிவுசெய்யாமல், 1791 ஆகஸ்ட் 26-இல் இருவருக்கும் ஒரே நாளில் உரிமை வழங்கிவிட்டது. ஃபிட்ச் மனமுடைந்தார். அவர்பால் நீதி நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அரசுப் பணிகளுக்கிடையே தேர்வுச் சுமை தாங்கவொண்ணாததாயிற்று. 1793-இன் புதிய சட்டம் ஆய்வையே நீக்கி, வெறும் பதிவாக்கியது; தகராறுகள் நீதிமன்றம் சென்றன.

தாம் திருத்தியமைத்த கலப்பைக்கு ஜெஃபர்சன் உரிமை கோரவில்லை. கருத்து என்பது இயற்கையில் எவருக்கும் உடைமையாகாது. சமூகம் தன் நலன் கருதி அளிக்கும் சலுகையே தனியுரிமை என்பது 1813-இல் அவர் எழுதிய மடலொன்றின் சாரம். எனினும் வாழ்நாளில் அறுநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரும் அவரே. இதனை மறைத்து அவர் வரலாறு கூறுதல் முறையன்று. அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என 1858-இல் அந்நாட்டுத் தலைமை வழக்குரைஞர் கருத்துரைத்தார்.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4-இல் மறைந்தார். சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, அதே நாளில் இயற்றப்பட்ட சட்டம், காப்புரிமை ஆய்வுக்கெனத் தனித் தேர்வாளரை நியமித்தது.