பழனி ரூட்டில் ஓடிய பஸ்

பழனி மலை அடிவாரத்தில் பொள்ளாச்சி பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜி.டி.நாயுடு ஞாபகம்தான் வரும்.

1893-ல் கோவை அருகே கலங்கலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மோட்டார் சைக்கிள் வாங்கணும் என்ற ஆசையில் ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்தார். வாங்கியதும் முழுசாகக் கழற்றிப் பூட்டித்தான் மெக்கானிசம் கற்றார். 1920-ல் ஒரே பஸ்ஸுடன் பொள்ளாச்சி–பழனி ரூட்டில் தொழிலைத் தொடங்கினார், அதுவே யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானார்.

1952-ல் சாதாரண குடும்பமும் வாங்கும்படி, 2,000 ரூபாயில் இருவர் செல்லும் கார் தயாரிக்கத் திட்டமிட்டார். அரசு லைசென்ஸ் தரவில்லை. 1974-ல் மறைந்தார்; அந்தக் கார் கடைசி வரை பெருமளவு உற்பத்திக்கு வரவேயில்லை.

டிப்ளமோதானே என்று யாராவது நம்மை இளப்பமாகப் பேசினால், ஸ்பானரைக் கீழே வைக்காதீங்க. அந்த சர்வரை நினைச்சுக்கோங்க!