முதல் நாள் சாம்பாரை வீணாக்காத ரமணர்... ஒரு ராத்திரியில் ருசி ஏன் மாறுது?

நேத்து வச்ச சாம்பார் இன்னைக்குத் தனி ருசியா இருக்கே, ஏன்? இந்தப் பழைய சாம்பாருக்காக ஆசாரத்தையே ஒதுக்கி வைத்தவர் திருவண்ணாமலையில் வாழ்ந்தார். அவர் ரமண மகரிஷி.

யார் இவர்?

1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர். இயற்பெயர் வேங்கடராமன். 16 வயதில் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்தார். அதன்பிறகு வேறெந்த ஊருக்கும் போகவில்லை. விருபாட்ச குகையில் இருந்தபோது பிச்சைச் சோறுதான். கிடைத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து, எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். தாய் அழகம்மாள் வந்து தங்கிய பிறகுதான் அடுப்பு எரிந்தது. 1922-ல் அவர் மறைந்தார். மலையடிவாரத்தில் அவரது சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் வளர்ந்தது.

சமையலறையில் என்ன நடந்தது?

விடியும் முன்பே ரமணர் சமையலறைக்கு வந்துவிடுவார். காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். முதல் நாள் மிஞ்சியதைச் சூடாக்கி, காலை இட்லியோடு பரிமாறச் சொல்வார். மிஞ்சிய குழம்பு சாம்பாரில் சேரும். அங்கே சமைத்த பெண்களில் சிலர் ஆசாரமான பிராமண விதவைகள். முதல் நாள் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் வளர்ந்த வழக்கம். ரமணர் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பதுதான் மற்ற எல்லா விதிகளையும் விடப் பெரிது என்பது அவர் கணக்கு.

ருசி எப்படி மாறுது?

திறந்த விஸ்கி பாட்டிலிலும் இதுபோல ஒன்று நடக்கிறது. உள்ளே போகும் காற்றிலுள்ள ஆக்சிஜன் சில வாசனைப் பொருட்களை மாற்றுகிறது. எளிதில் ஆவியாகும் மணங்கள் வெளியேறுகின்றன. பாட்டில் காலியாக ஆக, மாற்றம் வேகமாகும். சாம்பாரிலும் பெருங்காயம், கொத்தமல்லியின் தூக்கலான மணம் அடங்கும். கூடவே உப்பும் புளியும் காய்க்குள் ஊறும், பருப்பு ஆறிக் கெட்டியாகும். தனித்தனியாகத் தெரிந்த ருசிகள் ஒன்றாகிவிடும்.

கவனம் எங்கே தேவை?

விஸ்கியில் இருக்கும் ஆல்கஹால் கிருமிகளை அண்ட விடாது. சாம்பாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சில கிருமிகள் விடும் நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுவதே நல்லது.

ரமணர் 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தார். இன்று அவரைத் தியானத்தோடு சேர்த்தே பலரும் நினைக்கிறார்கள். மிச்சச் சாம்பாரைக் கீழே கொட்டும் முன் ஒரு நிமிடம் யோசிப்பதும் அவர் காட்டிய வழிதான்.