பட்டறையில் பயின்ற மேதை

கல்லூரிப் பட்டம் ஒன்றே வாழ்வில் உயர வழி என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கைத்தொழில் கற்கச் செல்வோரை, மேற்படிப்பில் இடம் கிடைக்காதவர் என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணங்களைத் தம் வாழ்வால் மாற்றிக் காட்டியவர் ஜி. டி. நாயுடு ஆவார்.

இளமையும் ஆர்வமும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று வேளாண் குடும்பமொன்றில் துரைசாமி பிறந்தார். அவருடைய பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஒருநாள் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூருக்கு வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் இயக்கத்தை அறியும் வேட்கை அவரைக் கோவை நகருக்கு அழைத்துச் சென்றது. அங்கு உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராகப் பணியாற்றினார். பெற்ற ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். அவ்வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவற்றின் பயனை ஆராய்ந்து மீண்டும் பொருத்தினார். அவ்வாறு பெற்ற அறிவே அவரை இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலராக்கியது.

தொழிலில் உயர்வு

1920 ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அப்பேருந்தின் உரிமையாளரும் ஓட்டுநரும் அவரே. காலப்போக்கில் அத்தொழில் யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் மின்னாற்றல் பரவிற்று. ஆலைகளுக்கும் கிணற்று நீர் இறைக்கும் பம்புகளுக்கும் மின்மோட்டார்கள் தேவைப்பட்டன. இந்நிலையில், 1937 இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டாரை அவர் வெளிக்கொணர்ந்தார். வார்ப்பு வேலையும் கடைசல் வேலையும் கற்றவர்களின் கைகளுக்குக் கோவை மண்ணில் புதிய மதிப்புப் பிறந்தது. மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவுக் கருவி எனப் பலவற்றையும் நாயுடு உருவாக்கினார்.

பதவியும் கொள்கையும்

பள்ளியை விட்ட அவர், கற்பதை விட்டவர் அல்லர். நூல்களைத் தாமே பயின்றார். அயல்நாடுகளுக்குச் சென்று தொழிற்கூடங்களைக் கண்டறிந்தார். 1945 ஆம் ஆண்டில் அவரது கொடையால் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அவற்றுக்கு அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் சூட்டப்பட்டது. தொடக்கக் கல்வியையும் நிறைவு செய்யாத நாயுடு, அப்பொறியியல் கல்லூரியின் முதல்வரானார்.

எனினும் அங்கு நடைபெற்ற நான்காண்டுப் படிப்பு அவருக்கு உடன்பாடாக இல்லை. மாணவர் பட்டறையில் நின்று, கருவியைக் கையாண்டு கற்றால் ஈராண்டே போதும் என அவர் கருதினார். குறிப்பிட்ட ஒரு துறையில் ஆறு வார காலச் செறிவான பயிற்சியும் பயன்தரும் என்றார். இளைஞரின் காலம் வீணாகிறதே என்பதே அவருடைய கவலை. அரசு அக்கருத்தை ஏற்கவில்லை. தாம் பொருளளித்து வளர்த்த நிறுவனமாயினும், கொள்கைக்கு ஒவ்வாத பதவியில் நீடிக்க விரும்பாமல் அவர் விலகினார். அக்கல்லூரி இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது.

நிறைவு

1974 ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று நாயுடு மறைந்தார். பொறியியல் கல்விக்கு எத்துணை ஆண்டுகள் வேண்டும் என்பதில் அவரோடு மாறுபடுவோர் இருக்கலாம். ஆனால், கை அறியாததை மூளை முழுதும் அறிந்துவிடாது என்னும் உண்மையை அவர் வாழ்வு உணர்த்துகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநராகவோ, கடைசலராகவோ, மின்பணியாளராகவோ பயிலும் மாணவர் எவருக்கும் தாழ்ந்தவர் அல்லர். விரும்பிக் கற்கும் தொழிலும் கல்வியே. அதில் தேர்ச்சி பெறுவோர் பிறருக்கும் வேலை அளிக்கும் நிலைக்கு உயரலாம் என்பதற்குக் கலங்கல் சிற்றூரின் இளைஞரே சான்று.